எத்தனை நாள் வரைக்கும் பயணி?

காரைக்குடியில் பஸ் ஏறினால் தேவகோட்டை, திருவாடானை தாண்டி ரெண்டு மணி நேரத்துக்குள் தொண்டி வந்துவிடும். தொண்டிக் கடற்கரையில் நின்று பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். கிழக்கே, அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் மரைக்காயர்களுக்கு ஒரு காலத்தில் அது அக்கரை வீடு மாதிரி. தோணியில் சரக்கும் போனது, சம்பந்தமும் போனது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஈழத்தைப் பற்றி விடிய விடியப் பேசக்கூடிய எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கு 1990 அக்டோபரில் அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. எனக்கும் ரொம்ப வருஷம் தெரியாமல்தான் இருந்தது.

இந்தக் குறிப்பை எழுத வைத்தது வேறொரு கேள்வி. கஷ்ட காலத்தில் ஈமானைக் காப்பாத்திக்கிறது எப்படி? பயான்களில் அடிக்கடி கேட்கிற தலைப்பு இது. பதிலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: சபூர் செய்யுங்கள், துஆ கேளுங்கள். தப்பான பதில் இல்லை. ஆனால் வரலாறு படிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு அது போதாது. நிஜமாகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்த மனிதர்கள், அதுவும் முஸ்லிம் என்ற ஒரே காரணத்துக்காக இழந்தவர்கள், மறுநாள் காலையில் என்ன செய்தார்கள்? அவர்கள் கையில் என்ன மிச்சம் இருந்தது? அதைத் தேடிப் போனபோதுதான் தொண்டிக்கு நேர் அக்கரையில் இருந்த இந்தக் கதையில் வந்து நின்றேன்.

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் இலங்கையை விட்டுக் கிளம்பியது. ஜூனில் புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் மறுபடி போர். ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் ரெண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் இன்னொரு படுகொலை. கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களைத் தாக்கிய சம்பவங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வடக்கு அப்படி இல்லை. அங்கே தமிழரும் சோனகரும் அடிதடி இல்லாமல்தான் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமும், பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபராக இருந்தவருமான ஏ.எம்.ஏ. அஸீஸ் பிறந்தது யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில். அந்த ஊரின் தமிழும் அந்த ஊரின் இஸ்லாமும் சேர்ந்து வளர்த்த ஆள் அவர்.

அக்டோபர் நடுவில் சாவகச்சேரி முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கடைசி வாரம் மன்னார். எருக்கலம்பிட்டி மாதிரியான ஊர்களின் ஜனங்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து, படகுகளில் தெற்கே கற்பிட்டிக்குப் போனார்கள். அக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணம். காலையில் ஒலிபெருக்கி வண்டி சுற்றியது. சோனகத் தெரு ஜனங்களை உஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே சொன்னது இதுதான்: ரெண்டு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். வீடு, கடை, தையல் மெஷின், லாரி, நகை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும். போகிற வழியில் நிறுத்திச் சோதித்தார்கள். பெண்களின் காதில் கிடந்ததைக்கூட வாங்கிக்கொண்டார்கள். கையில் சில நூறு ரூபாயும் மாற்றுத் துணியும்தான் மிச்சம். முல்லைத்தீவு, கிளிநொச்சியையும் சேர்த்து அந்த ரெண்டு வாரத்தில் வட மாகாணத்தை விட்டுப் போனவர்கள் சுமார் 75,000 பேர். வெளியேற்றியவர்களும் தமிழ் பேசினவர்கள், போனவர்களும் தமிழ் பேசினவர்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 1990 அக்டோபர் 30 என்பது ஹிஜ்ரி 1411, ரபீஉல் ஆகிர் மாதம், நாட்காட்டிக் கணக்குப்படி 10ஆம் நாள். பிறை பார்த்ததில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். நம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேதியைப் பார்த்ததும் சுருக்கென்று இருக்கும். முஹ்யித்தீன் ஆண்டகை மாதம். பதினோரு நாள் மவ்லிது ஓதி, பதினொன்றாம் நாள் நேர்ச்சை சோறு ஆக்குகிற நேரம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் பெரிய சட்டி அடுப்பில் ஏற வேண்டிய பொழுதில் அந்தத் தெருவில் அடுப்பு அணைந்திருக்கிறது.

சரி, கிளம்பியாச்சு. இனிமேல்தான் எனக்குச் சுவாரசியமான விஷயம்.

வடக்கு முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபுக்காரர்கள். நம்ம ஊரிலும் கடற்கரையோரம் ஷாஃபி, உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி என்பது தெரிந்ததே. ஷாஃபி சட்டத்தில் பயணிக்கு, அதாவது முஸாஃபிருக்கு, சலுகை உண்டு. சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் என்றால் நாலு ரக்அத் தொழுகையை ரெண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம், மஃரிபையும் இஷாவையும் சேர்க்கலாம். ரமலானாக இருந்தால் நோன்பைத் தள்ளிப் போட்டுப் பிறகு பிடிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: போகிற இடம் தீர்மானமாக இருக்கணும். எங்கே போகிறோம் என்றே தெரியாமல் அலைகிறவனுக்குச் சுருக்கல் இல்லை என்று நூல்கள் சொல்லும். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாரியில் ஏறினவனிடம் "எங்கே?" என்று கேட்டால் "வவுனியா" என்பதற்கு மேல் அவனிடம் பதில் இருந்திருக்காது. நல்லவேளை, வவுனியா 80 கிலோமீட்டருக்கு மேலேதான் இருக்கிறது.

இதைப் படிக்கிற சிலர் சிரிக்கலாம். வீடே போச்சு, ரக்அத்தை எண்ணிக்கிட்டிருக்கான் என்று. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க வேறு மாதிரி படுகிறது. எல்லாம் அடுத்தவன் முடிவில் நடக்கிற ஒரு நாளில், இவன் தானாக முடிவு செய்ய வேண்டிய காரியம் ஒன்று மிச்சம் இருக்கிறது: இப்போ லுஹரைத் தொழுவதா, அஸரோடு சேர்ப்பதா? ஒளு செய்யத் தண்ணீர் இருக்கா, மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்வதா? சுற்றி யார் துப்பாக்கியோடு நின்றாலும் இந்தக் கேள்விகளை அவனைத் தவிர யாரும் கேட்க முடியாது. சட்டம் அவனிடம் வீரத்தை எதிர்பார்க்கவில்லை. உன்னால் முடிந்ததைக் குறைத்துச் செய், ஆனால் செய் என்கிறது. நெருக்கடிக்காகத் தனியாகச் செய்த ஈமான் என்று எதுவும் அவர்களிடம் இல்லை. சாதாரண நாட்களுக்கான அதே பழக்கம்தான், பாதியாக மடித்துக் கையில் எடுத்துப் போகக்கூடியதாக இருந்தது.

அடுத்த கட்டம் இன்னும் கடினம். புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கொஞ்ச நாளில் திரும்பிவிடுவோம் என்றுதான் நம்பினார்கள். சில வாரம், மிஞ்சிப் போனால் சில மாதம். இப்படி "நாளைக்குப் போயிடுவோம், நாளன்னைக்குப் போயிடுவோம்" என்று ஒரு ஊரில் மாட்டிக்கொண்டவன் எத்தனை நாள் வரைக்கும் பயணி?

ரெண்டு மத்ஹபும் இங்கேதான் பிரிகின்றன. ஹனஃபியில், 15 நாள் தங்குவது என்று நீ முடிவு செய்யாத வரை நீ பயணிதான். நாளைக்கு, நாளைக்கு என்றே வருஷக்கணக்கில் போனாலும் சுருக்கித் தொழலாம். நபித்தோழர் இப்னு உமர் அஸர்பைஜானில் பனி வழியை அடைத்ததால் ஆறு மாதம் மாட்டிக்கொண்டு, ஆறு மாதமும் சுருக்கியே தொழுதார் என்ற செய்தியை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஷாஃபியில் அப்படி விடமாட்டார்கள். வேலை என்றைக்கு முடியும் என்று தெரியாமல் காத்திருப்பவனுக்கு 18 நாள். அதற்கு மேல் போனால் நாலு ரக்அத்தையும் முழுசாகத் தொழு. மக்கா வெற்றியின்போது நபியவர்கள் அங்கே தங்கிய நாள் கணக்கிலிருந்து எடுத்தது அந்த 18.

ஹனஃபி சட்டம் நம்பிக்கையை மதிக்கிறது. "நான் திரும்பப் போகிறவன்" என்கிறாயா, சரி, அப்படியே இரு. ஷாஃபி சட்டம் கொஞ்சம் கண்டிப்பான பெரியம்மா மாதிரி. திரும்பப் போவாயோ மாட்டாயோ, அது அல்லாஹ்வுக்குத் தெரியும். பதினெட்டு நாள் ஆச்சு, பாயை ஒழுங்காக விரி என்கிறது. அக்டோபர் 30ல் கிளம்பி நவம்பர் முதல் வாரம் புத்தளம் சேர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கு நவம்பர் மாதம் முடிவதற்குள் அந்தக் கெடு தீர்ந்துவிடும். எல்லாரும் நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு நாள் எண்ணினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலர் தலைவலியிலும் பசியிலும் எதையும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வளர்ந்த சட்டம் அவர்களிடம் கேட்டது அதுதான்: மனசு இன்னும் சோனகத் தெருவில் இருக்கட்டும், நெற்றி இந்த மண்ணில் முழுசாகப் படட்டும்.

ஜும்ஆ இன்னும் சிக்கல். ஷாஃபி மத்ஹபின் பிரதானக் கருத்துப்படி ஜும்ஆ கூட வேண்டுமானால் அந்த ஊரையே தன் நிரந்தர ஊராகக் கொண்ட 40 ஆண்கள் வேண்டும். அடுத்த மாதம் போயிடுவேன் என்று இருப்பவன் அந்த நாற்பதில் சேர மாட்டான். உள்ளூர்ப் பள்ளிவாசலில் போய்ச் சேர்ந்து தொழுதால் பிரச்சினை இல்லை. ஆனால் முகாம்காரர்கள் தனியாக ஒரு ஓலைப் பள்ளி போட்டு, தனியாக மிம்பர் வைத்தால்? நாங்கள் நாற்பது பேர் இருக்கிறோம் என்று சொல்வதற்கு, நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்த எண்ணிக்கைக்கு இடம் கொடுக்கும் பழைய கருத்தும் ஷாஃபி நூல்களிலேயே உண்டு. ஆலிம்கள் வழி கண்டுபிடிப்பார்கள். இருந்தாலும் "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி, அகதிப் பதிவேட்டில் கேட்கப்பட்டது போலவே, தொழுகை வரிசையிலும் வந்து நிற்கிறது.

1991 மார்ச் 17 வாக்கில் ரமலான் தொடங்கியது. ஊரை விட்டு நாலரை மாதம். இப்போது யாரும் பயணி இல்லை, எல்லாருக்கும் நோன்பு கடமை. கற்பிட்டித் தீபகற்பத்தில் நல்ல தண்ணீர் கஷ்டம், பல கிணறுகளில் உப்பு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிடுகு வேய்ந்த கொட்டில்கள். நபியவர்கள் ஒளுவுக்குச் செலவழித்தது ஒரு முத்து அளவு தண்ணீர், அதாவது முக்கால் லிட்டருக்கு மேல் போகாது என்று மத்ரஸாவில் சொல்லித் தருவார்கள். நம் வீட்டுக் குழாயடியில் அது ஒரு தகவல். குடத்தோடு வரிசையில் நிற்கிற இடத்தில் அது அன்றாடம்.

புத்தளத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அது பணக்கார மாவட்டம் இல்லை. உப்பளமும் தென்னையும் மீனும்தான். ஒரு சில வாரங்களில் பல்லாயிரம் பேர் வந்து இறங்கியபோது பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள், சோறு ஆக்கிப் போட்டார்கள், தோப்பில் இடம் கொடுத்தார்கள். மதீனாவின் அன்ஸாரிகளோடு அவர்களை ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. கி.பி. 622ல் மக்காவிலிருந்து கையை வீசிக்கொண்டு வந்தவர்களை ஒவ்வொரு மதீனாக்காரரோடும் சகோதரராக ஜோடி சேர்த்துவிட்டார்கள் நபியவர்கள்.

ஆனால் அந்த ஒப்புமையைப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. வருஷங்கள் போகப் போகப் புத்தளத்தில் உரசல் வந்தது. கூலி வேலைக்குப் போட்டி, பள்ளிக்கூடத்தில் இடத்துக்குப் போட்டி, தண்ணீருக்கும் நிலத்துக்கும் போட்டி. "அகதி" என்பது நிலையைச் சொல்லும் சொல்லாக இருந்து வசவாக மாறியது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. ஈமான் குறைந்ததால் வந்த சண்டை இது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். மதீனாவின் வரலாற்றை முழுசாகப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பனூ முஸ்தலிக் பயணத்தில் ஒரு கிணற்றடியில், தண்ணீருக்காகத்தான், முஹாஜிர் பக்கத்து ஆள் ஒருவரும் அன்ஸார் பக்கத்து ஆள் ஒருவரும் கைகலந்து, ஆளுக்கொரு பக்கம் கூட்டம் கூப்பிட்டு, பெரிய கலவரமாகப் போக இருந்தது. நபியவர்கள் உயிரோடு பக்கத்தில் இருந்த காலத்தில் நடந்தது இது. தண்ணீர் பத்தாத இடத்தில் நல்ல மனிதர்களும் சண்டை போடுவார்கள்.

இன்னொரு விஷயம் என்னைத் தொந்தரவு செய்வது. இந்த மாதிரிப் பேரழிவு எங்கே நடந்தாலும், "நம்ம பாவத்துக்குக் கிடைச்ச தண்டனை" என்று சொல்ல ஒருவர் வந்துவிடுவார். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையிலும் கேட்டோம். அழாதே, அழுதால் சபூர் போயிடும் என்று சொல்வதற்கு இன்னொருவர். குர்ஆன் சொல்லும் யஃகூப் நபியின் கதை இவர்களுக்கு எப்படி மறந்துபோகிறது என்று தெரியவில்லை. மகன் யூசுஃபை இழந்த துக்கத்தில் அழுது அழுது கண்ணே வெளுத்துப் போன மனிதர் அவர். அழகான பொறுமைக்கு உதாரணமாகக் காட்டப்படுபவரும் அவரேதான். ரெண்டும் ஒரே ஆள். தன் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களும் கண்ணீர் விட்டார்கள். அழுகையை நிறுத்தினால்தான் ஈமான் என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

ஈமானைக் காத்ததில் தொழுகைக்கு அடுத்து நான் வைப்பது ஊரை. முகாம்களில் பெரும்பாலும் ஊர் ஊராகவே சேர்ந்து குடியேறினார்கள். எருக்கலம்பிட்டிக்காரர் ஒரு பக்கம், யாழ்ப்பாணத்துக்காரர் இன்னொரு பக்கம். பழைய ஜமாஅத், பழைய லெப்பை, பழைய சம்பந்தி முறை. ஊரில் ஓதிக் கொடுத்த ஆள் இங்கே கொட்டிலில் ஓதிக் கொடுக்கிறார். வெளியிலிருந்து பார்க்கிற உதவி நிறுவனக்காரர்களுக்கு இது வெறும் முகாம் நிர்வாகம். இதற்கு ஒரு விலையும் உண்டு. பழைய ஊரின் அந்தஸ்து வித்தியாசம், சீதனக் கணக்கு எல்லாமும் கூடவே வந்தன. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்ற வழக்கம், வீடே இல்லாதவர்களின் தலையில் அப்படியே உட்கார்ந்தது. ரஜனி திராணகமவின் மகள் என்று பலருக்குத் தெரிந்த மானுடவியலாளர் ஷாரிகா திராணகம 2011ல் வெளியிட்ட நூலில் இந்தத் தலைமுறைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்: யாழ்ப்பாணத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், புத்தளம் மட்டுமே தெரிந்தவர்கள்.

2002 ஏப்ரலில், போர்நிறுத்தக் காலத்தில், கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில் பிரபாகரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அன்டன் பாலசிங்கம் இந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து. தமிழ்த் தலைவர்களில் எம்.ஏ. சுமந்திரன் இதை இனச்சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதற்காகச் சொந்த ஆட்களிடம் வசவும் வாங்கினார். 2009ல் போர் முடிந்தபின் திரும்பலாம் என்றானது. போனவர்கள் பார்த்தது கூரையும் நிலைக்கதவும் இல்லாத சுவர்களை. மன்னாரின் தெற்கே முசலிப் பக்கத்தில் ஊர் இருந்த இடத்தில் காடு. அந்தக் காட்டை வெட்டிக் குடியேறப் போனவர்கள் மீது, வில்பத்து வனத்தை அழிக்கிறார்கள் என்று தெற்கிலிருந்து புதுக் குற்றச்சாட்டு. இருபது வருஷம் ஆள் இல்லாததால் வளர்ந்த மரம் அது என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. புதிதாகப் போரில் இடம்பெயர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்ததால், இவர்களுக்கு அலுவலக பாஷையில் "பழைய அகதிகள்" என்று பெயர். வரிசையில் பின்னால் நிற்க வேண்டியவர்கள்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிவாசல்கள் மறுபடி திறந்தன, சோனகத் தெருவில் பாங்கு கேட்கிறது. குடும்பத்தோடு நிரந்தரமாகப் போனவர்கள் குறைவு. பலர் ரெண்டு இடத்திலும் கால் வைத்திருக்கிறார்கள். வீடு புத்தளத்தில், பிள்ளைகள் படிப்பது புத்தளத்தில், உறுதிப்பத்திரத்தில் இருக்கும் நிலம் யாழ்ப்பாணத்தில்.

அப்படி ஒருவர், புத்தளத்தையே இப்போது தன் நிரந்தர ஊராக ஆக்கிக்கொண்டவர், ரெண்டு நாள் வேலையாகத் தான் பிறந்த சோனகத் தெருவுக்குப் போகிறார். லுஹர் பாங்கு சொல்கிறது. நாலு தொழுவதா, ரெண்டு தொழுவதா? ஷாஃபி சட்டப்படி ரெண்டாகச் சுருக்கலாம். தன் பெயரை முதன்முதலில் பாங்கோடு சேர்த்துக் காதில் ஓதின தெருவில் அவர் முஸாஃபிர். அவருக்கு முன்னால் இப்படி நின்ற ஒருவர் உண்டு. மக்காவிலிருந்து விரட்டப்பட்டு, எட்டு வருஷம் கழித்து வெற்றியோடு அதே ஊருக்குள் வந்த நபியவர்கள், அங்கே தங்கிய அந்த 18 நாளும், தான் பிறந்த ஊரில், ரெண்டு ரக்அத்தாகவே தொழுதார்கள். பின்னால் நின்ற மக்காவாசிகளைப் பார்த்து, நீங்கள் உங்கள் நாலையும் முடித்துக்கொள்ளுங்கள், நாங்கள் பயணிகள் என்றார்கள். வேலை முடிந்ததும் மதீனாவுக்குத் திரும்பிவிட்டார்கள்.